பிழிந்த தேங்காய்

"…அதுக்கென்ன பிள்ளை, கேக் காய்ஞ்சு போனா எல்லாரும் அடுப்பைத்தான் ஏசுவினம். அடுப்புக்குத்தானே வாயில்லை," என்றார் முன்னறை ஆன்ரி. மேசையில், அவருடைய மகன் ஒரே ஒரு கடி கடித்துவிட்டு எழும்பிப்போன தேங்காய்க் கேக் துண்டு கிடந்தது. ஆன்ரி டிரினிடாட்காரி, பேசியது ஆங்கிலம். ஆனால் அவர் சொன்னதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணத் தமிழில்தான் நினைவிருக்கிறது. அப்படித்தான் அது எனக்குள் இறங்கியது.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஊரை விட்டு வந்து, மவுண்ட் ஆல்பர்ட் புறநகரில் ஒரு பழைய மரவீட்டின் பின்னறைகள் இரண்டில் நானும் இவரும் வாடகைக்கு இருந்தோம். முன்னறையில் ஆன்ரி. ஆஸ்பத்திரியில் தாதி வேலை. குசினி எங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். "கடிதம் வயித்துக்குள்ள போகாது பிள்ளை," என்பார் அடிக்கடி. அது பழமொழி இல்லை, அவருடைய வாழ்க்கை. நாலு வயதில் தங்கையிடம் விட்டுவந்த மகனுக்குப் பதினைந்து வருடமாகக் கடிதம் எழுதியவர் அவர். அந்த மகன் இப்போது வருகிறான். வந்து பார்த்துப் பிடித்தால் தாயோடு தங்கிப் படிப்பான், பிடிக்காவிட்டால் திரும்பிவிடுவான். பயணம் வெளிக்கிட்ட அன்று தாய் சுட்டுக் கொடுத்த தேங்காய்க் கேக்கின் ருசி மட்டும் நினைவிருப்பதாக அவன் எழுதியிருந்தான். அந்தக் கடிதத்தை எனக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினார்.

ஆன்ரிக்கு மணிக்கட்டு நோ. என்னிடம் ஊரிலிருந்து வந்த தேங்காய் துருவும் துருவலை இருந்தது. தென்கடல் தீவுக்காரரின் கடையில் ஆட்டி ஆட்டிப் பார்த்து வாங்கிய இரண்டு தேங்காய்களை என்னிடம் தந்துவிட்டு, ஞாயிறு காலை அவர் தேவாலயத்துக்குப் போனார். அன்று எங்களுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வர இருந்தார்கள். தேங்காய்ப்பால் சொதிக்கு நான் வாங்கி வைத்த தேங்காயை உடைத்தால் அழுகல். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு. டெயரி என்கிற மூலைக்கடையில் பாணும் பாலும்தான் கிடைக்கும். என்னை யாரும் தூண்டவில்லை. ஆன்ரிக்கெனத் துருவி வைத்த தேங்காய்ப்பூவைத் துணியில் போட்டு, முதற்பாலை முறுக்கிப் பிழிந்தேன். பட்டரும் முட்டையும் போகிற கேக்குக்குள் தேங்காய்ப்பால் இல்லாதது யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். சக்கையை உதிர்த்துக் கோப்பையில் வைத்தேன். பார்வைக்கு வெள்ளையாகத்தான் இருந்தது. ஊரில் அதைக் கோழிக்குப் போடுவோம்.

திரும்பி வந்த ஆன்ரி ஒரு நுள்ளு எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். "ரெண்டும் நல்ல தேங்காய்தானே?"

"ஓம் ஆன்ரி. கப்பல்ல வந்ததெல்லோ, கொஞ்சம் காய்ஞ்சிட்டுது."

கப்பலுக்கும் வாயில்லை. ஆன்ரி கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வேறு தேங்காய்க்கு வழியுமில்லை. கேக்கைப் போட்டு இறக்கிவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓடினார்.

பின்னேரம் மகன் வந்தான். தாயை விட ஒரு முழம் உயரம். ஆன்ரி கேக்கை வெட்டும்போது கத்திக்குக் கீழே அது மணலாய் உதிர்ந்தது. அவன் கடித்தான், தண்ணீர் கேட்டான், துண்டை மெல்லத் தட்டில் வைத்தான். பிறகு மூக்கைத் தூக்கி, "அந்தப் பானையில என்ன?" என்றான். எங்கள் சொதியில் மிச்சம். நான் ஊற்றிக் கொடுத்தேன். வேறென்ன செய்வேன்? இரண்டு கோப்பை குடித்தான். "வீட்டில அம்மா சமைக்கிற மணம்," என்றான். வீட்டில் அம்மா என்று அவன் சொன்னது சித்தியை. ஆன்ரி பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே அவனுக்குக் கை துடைக்கத் துணி கொடுத்தார். அவனைப் படுக்க அனுப்பிவிட்டு வந்துதான் என்னிடம் அந்த அடுப்புக் கதையைச் சொன்னார்.

மூன்று கிழமையில் அவன் திரும்பிப் போய்விட்டான். ஒரு கேக்கால் பிள்ளை போய்விடாது என்று இவர் எனக்கு எத்தனையோ தரம் ஆறுதல் சொல்லியிருக்கிறார். பதினைந்து வருடம் செய்யாததைப் பட்டரும் சீனியும் செய்துவிடுமா என்பார். சரிதான். ஆனால் அந்தத் தாயின் கையில் இருந்தது அது ஒன்றுதான். அதைப் பிழிந்து எடுத்தவள் நான். இன்றைக்கு இதே நகரத்துப் பாட்டனி டவுன்ஸில் எங்கள் வீட்டு உறைபெட்டி நிறையத் துருவிய தேங்காய்ப்பூ இருக்கிறது. ரின்னில் பால் இருக்கிறது. எதையும் பிழிய வேண்டியதில்லை. எய்தவனிருக்க அம்பை நோவதேன் என்று யாராவது சொன்னால் மட்டும் நான் அந்த இடத்தை விட்டு எழும்பிவிடுவேன்.

அன்று எழும்ப முடியவில்லை. "அடுப்புக்குத்தானே வாயில்லை," என்று சொல்லிவிட்டு ஆன்ரி மகன் வைத்துப்போன துண்டை எடுத்தார். கத்தியால் சரிபாதியாக வெட்டினார். ஒரு பாதியைத் தன் வாயில் போட்டு மென்றுகொண்டே, மற்றப் பாதியைத் தட்டோடு என் பக்கம் தள்ளிவிட்டு, நான் தின்னும்வரை கைகட்டிக்கொண்டு இருந்தார்.