பிளாட்பாரம் இல்லாத பக்கம்

எங்கள் ஸ்டேஷனுக்குப் பெரிய சரித்திரம் ஒன்றும் கிடையாது. கரி வண்டிக் காலத்தில் ஒரு கல் அறை, ஒற்றைத் தண்டவாளம். பிறகு தலைக்கு மேலே மின்கம்பி வந்தது. அப்புறம் பாலக்காட்டுப் பக்கம் இந்தக் கஞ்சிக்கோட்டில் கம்பெனிகள் பெருகின, கோயமுத்தூர்ப் பக்கமிருந்து எங்களைப் போன்ற பெண்கள் தினமும் பாசஞ்சரில் வந்து இறங்கினோம். பிளாட்பாரம் வடக்கே, கம்பெனி கேட் தெற்கே. வண்டி நின்றதும் பிளாட்பாரம் இல்லாத பக்கம் ஜல்லியில் குதித்து, சரிவில் இறங்கி ஓடுவதுதான் வழக்கம். குதிக்கத் தெரியாதவள் எங்களுக்குக் கேலிப்பொருள்.

அந்தத் தெற்குப் பக்கத்தில்தான் இரண்டாவது தண்டவாளம் போட்டார்கள். கூடவே ஒரு நடைபாலம், அதுவும் ஸ்டேஷனின் கடைக்கோடியில். வண்டி கொஞ்சம் பிந்தினாலும், அதில் ஏறி இறங்கி வருவதற்குள் எட்டு மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள், அரை நாள் சம்பளம் போச்சு. நாங்கள் குதிப்பதை விடவில்லை.

பாலத்தில் வந்தவர் ஒரே ஒருத்தர், பேக்கிங்கில் என் பக்கத்து மேசை அக்கா. புருஷன் இல்லை, பத்தாவது படிக்கிற மகள் மட்டும். "எனக்கொண்ணு ஆயிட்டா அவளுக்கு ஆருங்க இருக்கா?" என்பார். அவருக்கு 'பாலத்து மகாராணி' என்று பேர் வைத்தவள் நான்தான். இன்று அதைச் சொல்ல நாக்குக் கூசுகிறது.

இனி ஒரு நாள் லேட்டானால் வேலைக்கு வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் அவரிடம் சொல்லிவிட்டார். மறுநாளே வண்டி தாமதம். அக்கா கதவோரம் நின்று அழாத குறை.

"ஒரு நாளைக்குக் குதிச்சா சாமி குத்தமாயிருமா? எம் பொறகால வாங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் குதித்தேன்.

நான் புதுத் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டேன். அவர் படியில் உட்கார்ந்து, காலை நீட்டி, மெதுவாக ஜல்லியில் இறங்கினார். அந்தத் தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அப்படி வந்தால் நின்ற வண்டியோடு ஒட்டி அசையாமல் நிற்கவேண்டும். குதித்துப் பழகிய எல்லோருக்கும் அது தெரியும். அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே என்னிடம் ஓடிவந்தார்.

கேட் மூட இரண்டு நிமிஷம் இருந்தது. நான் ஓடினேன். ஆமாம், கேட்டுக்குத்தான் ஓடினேன். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். மத்தியானமே அவர் மேசையில் வேறொரு பெண்ணை உட்கார வைத்துவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மகள் கம்பெனிக்கு வந்தாள், அம்மாவின் செருப்பையும் மாற்றுச் சேலையையும் வாங்கிப்போக. லாக்கரைத் திறந்து எடுத்துக்கொடுத்தது நான்.

"எப்பவும் பாலத்துலதானுங்க வருவாங்க. அன்னைக்கு மட்டும் ஏனுங்க குதிச்சாங்க?"

"தெரியலியே கண்ணு. அவங்களுக்கு என்ன அவசரமோ."

அவள் சேலையைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "எங்கம்மாவால உங்களுக்கெல்லாம் சங்கடமாப் போச்சுங்க" என்றாள்.

"பரவால்ல கண்ணு" என்றேன்.