நான் அடைத்த துளை

அரூரில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில் எனக்கு வேலை. எரிந்துபோன பம்ப்செட் மோட்டாரின் பழைய கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பியைச் சுற்றிக் கட்டுவேன். பத்தாவது வரை படித்திருக்கிறேன். ஆட்களோடு பேச எனக்கு வராது. கடைக்கு வருகிறவர்களை முதலாளி பார்த்துக்கொள்வார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டிருப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு என் அண்ணன் ஒரு கோணிமூட்டையைப் பஸ்ஸில் கொண்டுவந்து என் மேசைக்குப் பக்கத்தில் இறக்கினார். உள்ளே ஒரு பழைய படகு இஞ்சின் இருந்தது.

அண்ணன் பெண் எடுத்த ஊர் பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம், மேட்டூர் அணைத் தண்ணீர் வந்து நிற்கும் கரையில் இருக்கிறது. அங்கேயே தங்கி, பரிசலில் போய் வலை போட்டுப் பிழைத்தவர். வலது தோள்பட்டை போய்விட்டது. சட்டை மாட்டவே இன்னொருவர் கை வேண்டும், துடுப்பை எப்படிப் போடுவது? கரையில் பல வருடமாகக் கவிழ்ந்து கிடந்த ஒரு பைபர் படகை இஞ்சினோடு வாங்கினார். விரிசல்களுக்குப் பைபர் துணி ஒட்டி, இஞ்சின் மாட்டும் பின்பலகை உளுத்துப்போயிருந்ததை மாற்றி, பச்சைப் பெயின்ட்டும் அடித்துவிட்டார். இஞ்சின் மட்டும் அசையவில்லை.

"மெக்கானிக் எடைக்குப் போடச் சொல்லிட்டான் பாப்பா. இது ஓடலன்னா நான் பெங்களூருக்குக் கெளம்ப வேண்டியதுதான். உங்க அண்ணியோட தம்பி அபார்ட்மென்ட்ல வாச்மேன் வேல பாத்து வெச்சிருக்கான்."

"படகு?"

"பக்கத்து வூட்டு மச்சான் கேட்டுக்கிட்டே இருக்கான். அவனுக்குத்தான்."

நான் அதுவரை படகு இஞ்சினைப் பார்த்ததில்லை. மேலே இருந்த கனத்த சக்கரத்தைக் கழற்றியதும் அதன் உள்பக்கக் காந்தம் என் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டது. அடியில் கம்பி சுற்றிய ஒரு சின்னச் சுருள், காயில். எங்கள் மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தால் சுற்றும். இதைச் சுற்றினால் கரண்ட் கொடுக்கிறது! அன்று சாப்பிட மறந்துவிட்டேன்.

காயிலின் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. ஒவ்வொரு சுற்றாக எண்ணிக்கொண்டே பிரித்தேன். பாதிக்கு மேல் போனதும் பச்சை பூத்து அறுந்திருந்த இடம் தெரிந்தது. அதே அளவுக் கம்பியைத் தேடி வாங்கி, மூன்று நாள் மதிய நேரத்தில் சுற்றினேன். இஞ்சினின் அடிப்பக்கத்தில் ஒரு குட்டிப் பம்ப் இருந்தது. படகு போகும்போது வெளித்தண்ணீரை இழுத்து இஞ்சினைக் குளிர்விக்க. அதன் ரப்பர் இறக்கைகள் காய்ந்து உடைந்திருந்தன. அண்ணன் சேலம் போய்ப் புதுசு வாங்கி வந்தார்.

கடை வாசலில் நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, இஞ்சினை அதில் இறக்கி அண்ணன் இடதுகையால் கயிற்றை இழுத்தார். ஏழாவது இழுப்பில் தெருவே புகையானது. டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். நான் உள்ளே போய்விட்டேன். ஆனாலும் கதவிடுக்கில் பார்த்தேன். இஞ்சினைக் குளிர்வித்த தண்ணீர் புகையோடு கீழ்வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. பின்னால் இஞ்சின் மூடிக்குக் கீழே ஒரு துளையிலிருந்தும் மெல்லிய தாரையாகப் பீச்சியது.

எனக்குச் சுருக்கென்றது. தண்ணீர் கசிகிற பம்ப்பை எங்கள் கடையிலிருந்து அனுப்பியதே கிடையாது. போகவேண்டிய வழியில்தான் தண்ணீர் போகிறதே, அப்படியானால் இது கசிவுதான். சைக்கிள் ட்யூபை நறுக்கிச் சுருட்டி அந்தத் துளையில் இறுக்கித் திணித்தேன். ஒரு சொட்டு வரவில்லை. எனக்குத் திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை இஞ்சினைப் படகில் மாட்டி ஓட்டிப் பார்க்க நானும் போனேன். நீச்சல் தெரியாது. அண்ணி வேண்டாம் என்றார். என் காயில் தண்ணீர்மேல் ஓடுவதைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. கரையிலிருந்த ஆடுகள் சின்னதாகிக்கொண்டே போயின. அண்ணன் சிரிப்பதை ரொம்ப நாள் கழித்துப் பார்த்தேன்.

நடுவில் எதிரே பக்கத்து வீட்டுக்காரர் தன் மோட்டார் படகில் வந்தார். அண்ணனின் படகைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான். கையை ஆட்டினார். அண்ணனும் ஆட்டினார். அவர் எழுந்து நின்று கத்தினார்.

"யோவ் மச்சான்! நிறுத்துய்யா! இஞ்சின் ஒண்ணுக்கே போவலியே!"

அண்ணன் நிறுத்தினார். கருகல் வாசனை அப்போதுதான் தெரிந்தது. மூடியைத் தூக்கி உள்ளே தொட்டேன். விரல் கொப்பளித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் படகை ஒட்டிக் கொண்டுவந்து எங்கள் இஞ்சினைத் தண்ணீரிலிருந்து தூக்கிச் சாய்த்தார். தண்ணீர் இழுக்கும் சல்லடையில் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்து எறிந்தார்.

"பின்னால தண்ணி பீச்சினாத்தான் உள்ள பம்ப் இழுக்குதுன்னு அர்த்தம். நின்னுட்டா இஞ்சினையும் நிறுத்திரணும். இது எப்பலேர்ந்து வரல?"

"பழைய இஞ்சின்தான மச்சான், துரு அடச்சிருக்கும்" என்றார் அண்ணன். அந்தத் துளை எதற்கென்று அவருக்கும் அதுவரை தெரியாது. ஆனால் அவர் என்னைப் பார்க்காமல் சொன்னதிலிருந்து, அடைத்தது நான்தான் என்று யூகித்துவிட்டார் என்று புரிந்தது.

"நான்தாங்க அடச்சேன்" என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "அடச்சியா? எதுக்கும்மா?"

"ஒழுவுதுன்னு நெனச்சிட்டேங்க."

அவர் சிரித்த சிரிப்பில் இரண்டு படகும் ஆடின. "ஒழுவுதாமில்ல! இனி ஊர்ல எல்லார் இஞ்சினையும் உங்கிட்ட காட்டாம ஒளிச்சு வெக்கணும்."

தாலிச் செயினிலிருந்த ஊக்கைக் கழற்றி ரப்பரைக் குத்தி இழுத்தேன். மூன்று துண்டாக வந்தது. இஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்தோம். ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. கேட்டுவிட்டேன்.

"நீங்க கத்தாம இருந்திருந்தா படகு உங்களுக்குக் கெடச்சிருக்குமேங்க?"

"கெடச்சிருக்கும். கருகுன இஞ்சினோட. அத மூட்டையா கட்டிக்கிட்டு நானும் அரூருக்கு உங்கிட்டயா தூக்கிட்டு வர்றது?"

அண்ணன் கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பில் வெறும் இருமல். இரண்டாவதிலும் அதுதான். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. துளையிலிருந்து தண்ணீர் விட்டு விட்டு வந்து, பிறகு நேராகப் பீச்சியது. கொப்பளித்த விரலை ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டினேன். வெதுவெதுப்பாக இருந்தது.

பெங்களூருக்கு வரவில்லை என்று அண்ணன் அன்றைக்கே போன் செய்துவிட்டார். அந்தத் தண்ணீர் உள்ளே எந்த வழியாக மேலே ஏறி வளைந்து வருகிறது என்று திறந்து பார்க்க எனக்கு ஆசை. ஒரு வாரம் கொடுங்கள் என்று போகும்போதெல்லாம் கேட்கிறேன்.

"தெனம் ஓடுது பாப்பா. நீ கை வெக்காத" என்கிறார்.