நந்தியாவட்டைக்கு அம்மா கண்ட வழி

தோட்டத்தில் நனைந்த நந்தியாவட்டை இலையின் பச்சை வாசனை வந்தால் இன்றும் என் முதுகு சில்லிடும். இராஜபாளையத்தில், இப்போது இடித்துவிட்ட மில் லைன் வீட்டு வாசலில், பஞ்சுத்தூசிக்கு நடுவே வெள்ளை வெளேரென்று பூத்துநின்ற அம்மாவின் செடிக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றக்கூடாதென்று மில் மேஸ்திரி கத்திவிட்டுப் போனார். அன்றே துவைக்கிற கல்லைச் செடியடிக்கு உருட்டி, என்னை அதில் உட்காரவைத்து, மார்கழிக் குளிரிலும் காலையும் மாலையும் தலையோடு ஊற்றினாள் அம்மா.

“ஏட்டி, மறுபடியும் செடிக்கா ஊத்துதே?” என்று வந்து நின்றார் மேஸ்திரி.

“எம் மகள குளிப்பாட்டுதேன். புள்ள அழுக்கோட கெடக்கணும்னு சொல்லுதீயளா?”

மேஸ்திரி என்னையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குப் பல் தந்தியடித்தது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: “இன்னொரு செம்பு ஊத்தும்மா.”