மியூசியத்துக்கு ஐந்து வேண்டுதல்கள்

நாளை சென்னை மியூசியம் போகிறேன். வெண்கலச் சிலைகளை நேரில் பார்ப்பது என் பத்து வருட ஆசை. டிக்கெட் போட்டதிலிருந்து கால் தரையில் நிற்கவில்லை.

இன்று பந்தல்குடி பஸ்ஸில், போனில் நடராஜர் சிலையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"எந்தக் கோயிலு தாயி?"

"கோயில் இல்லக்கா, மியூசியம். அங்க பூசையெல்லாம் கிடையாது."

"பூசை இல்லேன்னா சாமி இல்லேன்னு ஆயிருமா?" என்றவர், கூடையிலிருந்து ஒரு முழம் மல்லிகையை நீட்டினார்.

"சிலையத் தொட விடமாட்டாகக்கா."

"அப்ப நீ தலையில வச்சுக்கிட்டு முன்னால போய் நில்லு. மொளகாச் செடி வாடுது, ஒரு மழை வேணும்னு சொல்லு."

முன் சீட்டுக்காரர் திரும்பி, மகன் பரீட்சையையும் சேர்த்துச் சொல்லச் சொன்னார். அருப்புக்கோட்டையில் இறங்கும்போது ஐந்து வேண்டுதல்கள் ஆகிவிட்டன.

உங்களுக்கும் இருந்தால் கீழே எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள், அங்கே ஐந்து மணிக்கு நடை சாத்திவிடுவார்கள்.