அடைக்கோழிக்குக் காவல் இருந்தவர்

சென்ற மாதம் என் மகள் ஏதோ ஒரு பண்ணையில் பெர்மாகல்ச்சர் என்கிற இயற்கை விவசாயப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தாள். முதலில் சும்மா இருந்து கவனிக்க வேண்டுமாம். எதையும் வீணாக்கக் கூடாதாம். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு வேலையாவது இருக்க வேண்டுமாம். நிலத்துக்கு மட்டுமல்ல, உடம்புக்கும் பிழைப்புக்கும்கூட இது பொருந்தும் என்று எனக்குப் பாடம் எடுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பிறப்பதற்கு முன்பே, எழுபதுகளில், தேனியில் எங்கள் கொல்லையில் ஒரு கோழியை வைத்தே இதையெல்லாம் நடத்தியவள் நான்.

என் வீட்டுக்காரருக்குக் காய்கறி கமிஷன் மண்டி. விடியுமுன் மூட்டை இறங்குகிற இடத்தில் போய் நின்றால்தான் அவருக்கு மூச்சே வரும். ஞாயிற்றுக்கிழமை கை சும்மா இருக்காமல் கொல்லையைச் சுத்தம் செய்வார். துவைகல்லிலிருந்து வாழைக்குப் போகும் தண்ணீர் ஓரத்தில் முளைத்திருந்ததையெல்லாம் ஒரு நாள் சுரண்டி எறிந்தார். "பாரு, மண்டி மாதிரி எப்பிடி இருக்கு!" என்று பெருமை வேறு. மறுவாரமே மஞ்சள் காமாலை வந்து படுத்தார். கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடு என்றார்கள் எல்லாரும். அவர் சுரண்டி எறிந்ததில் பாதி கீழாநெல்லிதான். "இப்ப மண்டியில போயி வாங்கிட்டு வாங்க" என்றேன்.

டாக்டர் மருந்தைவிட ஓய்வைத்தான் வற்புறுத்திச் சொன்னார். "எந்திரிச்சு அலைஞ்சாகன்னா திரும்ப முத்தும். அப்புறம் என்னையக் கேக்காதீக." மண்டியைக் கொழுந்தன் பார்த்துக்கொண்டான். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆளில்லை. நான் அடுப்படிக்குள் நுழைந்தால் அவர் சட்டையை மாட்டிவிடுவார். ஒருமுறை பஸ் ஸ்டாண்டு வரை போனவரைக் கொழுந்தன் சைக்கிளில் உட்காரவைத்துக் கொண்டுவந்து இறக்கினான். அன்று சாயங்காலமே வாந்தி. நான் அழுதேவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கோழி அடைக்குப் படுத்தது. கொல்லைச் சாய்ப்பின் கீழே கூடையில் வைக்கோல் பரப்பி முட்டை வைத்தேன். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும் என்று எங்கள் பக்கம் கூடைக்குள் கரித்துண்டும் ஓர் இரும்பும் போடுவோம். இரும்புக்கு மண்டியிலிருந்து ஒரு தராசுப் படிக்கல்லைக் கொண்டுவரக் கொழுந்தனிடம் சொன்னேன். அப்படியே அவருடைய கட்டிலையும் கூடைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"கீரி வருது. நீங்க அசையாம இருந்தாத்தான் கோழியும் அசையாது. நீங்க எந்திரிச்சீகன்னா அதுவும் எந்திரிச்சுரும்" என்றேன். பாதி பொய்தான். ஆனால் சரக்கை ஒப்படைத்துவிட்டால் வியாபாரி இடத்தை விட்டு நகரமாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

கோழிக்கு அவர் காவல், அவருக்குக் கோழி காவல். முதல் நாள் இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். பிறகு சேர்ந்தே கண் அசந்தார்கள். அடுத்த வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏத்தா, ரெண்டுல எது மொதல்ல பொரிக்கும்?" என்று கேட்டாள். அவருக்கே சிரிப்பு அடங்கவில்லை. தண்ணீர் ஓரத்தில் கீழாநெல்லி தானாகத் திரும்ப முளைத்தது. அதை யாரும் மிதித்துவிடாமல் கட்டிலிலிருந்தே அதட்டியவரும் அவர்தான். மெல்ல மெல்லக் கண்ணிலிருந்த மஞ்சள் இறங்கியது.

குஞ்சு பொரித்த வாரம், இனி மண்டிக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். சலவைச் சட்டையை எடுத்து வைத்தேன். மனசுக்குள் எனக்கு நானே மாலையும் போட்டுக்கொண்டேன். அவர் சட்டையைத் தொடாமல், நான் துவைத்துக்கொண்டிருந்த துவைகல்லுக்கு நேரே வந்தார்.

"கட்டில்ல கெடந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்" என்றார். "கோழிகூட தெனம் ஒரு தடவ எறங்கிப் போயி இரை தின்னுட்டு வந்துச்சு. நீ உக்காந்து சோறு தின்னு நான் ஒரு நாளும் பாக்கல."

எனக்குக் கோபம்தான் வந்தது. துணி கிடக்கிறது, குழம்பு கொதிக்கிறது என்று ஏதேதோ சொன்னேன். அவர் என் கையிலிருந்த துணியை வாங்கிக் கல்லில் போட்டார். என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, சோற்றுத் தட்டை அவரே கொண்டுவந்தார். பிறகு காலிக் கூடைக்குள் கைவிட்டுப் படிக்கல்லை எடுத்தார். மண்டிக்குத்தான் கொண்டுபோகிறார் என்று நினைத்தேன். அதை என் பக்கத்தில் கட்டில் மேலேயே வைத்தார்.

"இடி இடிச்சாலும் எந்திரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுச் சட்டையைத் தேடிப் போனார்.