இருவருக்கும் சேர்த்து மென்றவள்

என் அக்கா ஒலிங்காவுக்குப் பல் உறுதி. அவள் கணவர் வாஸ்கா அத்தானுக்குக் கடைவாயில் ஒன்றுமே மிச்சமில்லை. அதனால் அவருக்கான இக்மிக் என்கிற புகையிலை உருண்டையையும் அக்காதான் மெல்லுவாள். புகையிலையைக் கிள்ளி, பிர்ச் மரத்துக் காளானைச் சுட்ட சாம்பலில் புரட்டி, வாயில் போட்டு மசிய மென்று, பாதியைத் தன் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மீதியை உருட்டி அவருடைய டப்பாவில் வைப்பாள். அந்த டப்பா இல்லாமல் அத்தான் ஆற்றுக்கு வலை போடப் போனதில்லை.

“இன்னிக்குச் சாம்பல் தூக்கலா இருக்கு, ஒலிங்கா.”

“அப்ப நீங்களே மெல்லுங்க.”

“எதை வச்சு மெல்ல?”

தினமும் இதே பேச்சுதான், இதே சிரிப்புதான்.

எங்கள் ஊர்க் கிளினிக்கில் நான்தான் சுகாதாரப் பணியாளர். பிள்ளைத்தாய்ச்சிகள்கூட சிகரெட்டை விட்டுவிட்டு இதை மெல்லுவார்கள், நம் ஊர் வழக்கம் கெடுதல் செய்யாது என்று நம்பி. சாம்பல் சேர்ந்தால் புகையிலையின் விஷம் இன்னும் வேகமாக உடம்பில் ஏறும் என்று சொல்லிச் சொல்லி எனக்குத்தான் வாய் வலித்தது. அக்கா காது கொடுக்கவில்லை. “கிளினிக்கை வீட்டுக்குத் தூக்கிட்டு வராதே பராஸ்கா” என்பாள்.

ஒரு வசந்தகாலத்தில் சூடான தேநீர் கன்னத்தில் எரிகிறது என்று அவளே வந்தாள். விளக்கடித்துப் பார்த்தேன். உருண்டையை ஒதுக்கும் இடத்தில் வெள்ளையாகத் தடித்திருந்தது. சுரண்டினாலும் போகவில்லை.

“என்னடி தெரியுது?”

“பெத்தேல் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகணும்க்கா.”

அங்கே துளி சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அத்தான் வலையைப் பிரித்துப் பிரித்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், புற்று இல்லை, ஆனால் மெல்லுவதை விடாவிட்டால் அப்படி ஆகிவிடலாம் என்றார்கள். அக்கா அன்றே நிறுத்தினாள். அதோடு அத்தானின் டப்பாவும் காலியானது.

அவர் சும்மா இருப்பாரா? மான்கறி அரைக்கிற மெஷினில் புகையிலையையும் சாம்பலையும் போட்டுச் சுற்றினார். பொடி பறந்து இருமல்தான் வந்தது. அப்புறம் அரைத்த கறியெல்லாம் புகையிலை நாற்றம்.

“நிகிஃபோர்கிட்ட வாங்கிக்கங்களேன்” என்றேன். நிகிஃபோர் அடுத்த வீட்டுக்காரர்.

“அவன் வாயில போனதையா? சீ!”

இரண்டு பேரும் சிடுசிடுவென்று ஆனார்கள். அடுப்பு மூடி எங்கே என்பதற்கெல்லாம் சண்டை. ஒரு நாள் நான் போனபோது அக்கா மேசைமேல் புகையிலையை விரித்து வைத்திருந்தாள்.

“அவருக்காகத்தாண்டி. மென்னு துப்பிடுவேன்.”

அத்தான் எழுந்து வந்து புகையிலையை வாரினார். மூலையிலிருந்த காளான் மூட்டையையும் தூக்கிக்கொண்டு நீராவிக் குளியலறைக்குப் போனார். ஆற்றின் மேல்புறம் வரை படகோட்டிப் போய், மரம் மரமாகத் தேடி வெட்டி வந்த காளான் அது. எல்லாவற்றையும் அடுப்பில் கொட்டிக் கொளுத்திவிட்டு, முகமெல்லாம் கரியாகத் திரும்பி வந்தார்.

“முடிஞ்சுது. இனிமே இந்தப் பேச்சே வேணாம்.”

மறுநாள் அக்கா குளிப்பதற்குத் தண்ணீர் சுடவைக்கப் போனாள். அடுப்பைத் திறந்தவள் என்னைக் கூப்பிட்டாள். உள்ளே வெள்ளை வெளேரென்று, மாவு போல நைசான சாம்பல்.

“பாருடி உங்க அத்தான் கெட்டிக்காரத்தனத்தை. இந்த வருஷத்துலயே நல்ல சாம்பல் இதுதான்!”

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பின்னால் வந்து நின்ற அத்தானுக்கு முதலில் கோபம், அப்புறம் அவருக்கும் தாங்கவில்லை. அக்கா அதை வாளியில் அள்ளி, பனி உறைந்து வழுக்கும் வாசல் பாதையில் தூவிவிட்டாள்.

அதற்குப் பிறகும் மீன் காயப்போடும் பருவத்தில் ஒருமுறை அவள் தவறினாள். தானே வந்து சொல்லி அழுதாள். மறுபடி விட்டாள். வெள்ளைத் தடிப்பு இப்போது மெல்லிய கோடாக இளைத்திருக்கிறது. வருஷா வருஷம் பெத்தேல் போய்க் காட்டிவிட்டு வருகிறாள். அத்தான் பல்செட் கட்டிக்கொண்டார். அது பேசும்போது கடகடக்கிறதென்று அக்கா கேலி செய்கிறாள். அவர் வேண்டுமென்றே இன்னும் சத்தமாகப் பேசுகிறார்.