வெளுக்கக் கூடாத மணல்

திருப்பூருக்குக் கடலைக் கொண்டுவந்தவன் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. அஞ்சாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. தையல் மெஷினிலிருந்து விழுகிற பனியனை எடுத்து மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் உட்கார்ந்தேன். அங்கிருந்து டெய்லர், கட்டிங் மாஸ்டர், காண்ட்ராக்ட், பிறகு சொந்தக் கம்பெனி, அவிநாசி ரோட்டில் நாலு மாடி. துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தால் அதன் கனம் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். என் கணக்கைத் தராசில் போட்டுப் பார்த்தவர்கள் அப்புறம் என்னோடு பந்தயம் கட்டியதில்லை.

ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா வரம்பை எடுத்துவிட்டு, ஆர்டர் குவிந்த நேரம் அது. புது ஆபீஸ் வாசலில் ஒரு மீன்தொட்டி வைக்க ஆசைப்பட்டேன். அப்போது கம்பெனிக்குக் கம்பெனி தங்கமீன் தொட்டி இருந்தது. என் சம்சாரத்தின் அண்ணனும் பனியன் கம்பெனிக்காரர்தான், அவர் ஆபீஸிலும் ஒன்று வைத்திருந்தார். அவர் வைத்ததையே நானும் வைப்பதா? ஆறடி நீளத்தில் கடல் தண்ணீர்த் தொட்டி, உள்ளே பாறை, பவளத்திட்டு மாதிரி ஒரு ஜோடனை. அதுதான் என் மனசில் இருந்தது.

"உப்புத்தண்ணி மீனுங்களா மாப்ள?" என்று சிரித்தார் மச்சான். "வருசம் திரும்பறதுக்குள்ள கருவாடு காயப்போடுவீங்க. எனக்கும் ஒரு பொட்டலம் அனுப்பி உடுங்க."

"அனுப்பறனுங்க மச்சா. குழம்பு வெச்சுத் தின்னுட்டு எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க" என்றேன். அந்தச் சிரிப்பு மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது.

தண்ணீருக்கு நான் கண்ட வழியை இன்றைக்கும் பேசுவார்கள். எங்கள் பெட்டிகள் கப்பலேறத் தூத்துக்குடிக்கு லாரியில் போகும். திரும்பி வரும்போது லாரி காலி. அதில் நீல டிரம் நாலு ஏற்றிவிட்டேன். பனியன் போகும், கடல் வரும்.

மணல்தான் லேசில் அமையவில்லை. கோயமுத்தூரில் ஒரு கடைக்காரர் மூன்று பாக்கெட்டை எடுத்து வைத்து, விலை அதிகமானதைக் காட்டி, "இதுதானுங்க சுத்தமான பவள மணல்" என்றார். மூன்றிலும் கொஞ்சம் வாங்கி வந்து, துணி பார்ப்பதுபோல் விரலில் தேய்த்துப் பார்த்தேன். ஒன்று ஜல்லி மாதிரி, இடுக்கில் அழுக்கு இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ஒன்று மைதா மாதிரி, மோட்டார் ஓடினால் பறக்கும். ஒன்று ரவைப் பதம். இதுதான் என்று கை சொல்லிவிட்டது. ஆனால் பவளமா, வெறும் ஆற்று மணலா என்று கைக்குத் தெரியாதே? சாயப்பட்டறையில் துணியிலிருக்கும் காரத்தைப் போக்க ஒரு ஆசிட் விடுவோம். அதில் ஒவ்வொரு சொட்டு விட்டேன். பவளம் என்றால் சுண்ணாம்பு. சுண்ணாம்பு என்றால் பொங்க வேண்டும். ரவைப் பதம் சோடா மாதிரி பொங்கியது. விலை அதிகமானது அசையவே இல்லை. மறுநாள் ஆசிட் பாட்டிலோடு கடைக்கே போய்க் காட்டினேன். கடைக்காரர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் நான் எந்தக் காலேஜுக்குப் போனேன்?

தொட்டி அமைந்தது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி வாங்கி விட்டேன். அவை குடியிருக்க ஒரு கடல் சாமந்தி. பெயர்தான் பூ, அது உயிருள்ள பிராணி. மணலில் கால் ஊன்றி விரல்களை விரித்து ஆட்டிக்கொண்டிருக்கும், மீன் இரண்டும் அதற்குள் புரண்டுகொண்டிருக்கும். பிள்ளைகள் படிக்க வெளியூர் போய்விட்டிருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும் என் சம்சாரம், கேரியரை மேஜையில் வைத்துவிட்டு நேராகத் தொட்டியிடம்தான் போவாள். "நம்ம புள்ளைக சாப்பிட்டாச்சுங்களா?" என்று கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு.

ஒரு வருசம் தாண்டியது. கருவாடு காயவில்லை. மச்சானுக்கு ஆள்விட்டுச் சொன்னேன்.

அப்போதுதான் மணல் நிறம் மாற ஆரம்பித்தது. முதலில் பழுப்பு, பிறகு அங்கங்கே கத்தரிப்பூத் திட்டு. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒருவர் வருவதாக இருந்தது. என் வாசலில் ஹாஃப் ஒயிட் நிற்கிறதா? வெள்ளை பழுப்படித்தால் எங்கள் ஊரில் ஒரே வைத்தியம்தான். வெளுப்பது. மீனையும் சாமந்தியையும் டிரம்மில் மாற்றிவிட்டு மணல் முழுவதையும் அள்ளினேன். அடி மணல் கறுத்து, அழுகின முட்டை நாற்றம் அடித்தது. சாயப்பட்டறை ஏறி இறங்கியே பாதி ஆயுசு கழித்தவனுக்கு இதெல்லாம் ஒரு நாற்றமா? அண்டாவில் போட்டு, பெராக்சைடு விட்டுக் கொதிக்கவைத்து, ஆறு தண்ணீர் அலசினேன். பாறைகளையும் விடவில்லை. மருந்து மிச்சமில்லை என்று டெஸ்ட் பேப்பர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்பப் போட்டேன்.

என்ன வெள்ளை! பால்கோவா கொட்டினது மாதிரி. பையர் வந்து பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டார். எக்ஸ்போர்ட் ஒயிட் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் தண்ணீர் கலங்கிவிட்டது. சாமந்தி விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு, காலை மணலிலிருந்து எடுத்து, எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. மீன் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. என் சம்சாரம் பார்த்துவிட்டுக் கேரியரைத் திறக்கவே இல்லை. "ஏனுங்க, நல்லா இருந்ததை ஏனுங்க கிளறுனீங்க?" என்றாள்.

எங்கள் செக்கிங் செக்ஷனில் ஒரு அம்மா இருந்தார். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். புருசனோடு பிழைக்க வந்தவர். ஊசி ஓட்டை விழுந்த பனியனைப் பத்தடி தள்ளி நின்றே எடுத்துப் போட்டுவிடும் கண். டீ நேரத்தில் தொட்டியருகே வந்து நின்றார்.

"மணலை என்ன செய்தீய அண்ணாச்சி?"

"பெராக்சைடுல வெளுத்தேன், அம்மிணி."

"கடலை வெளுத்தீயளா?" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நல்லவேளை, மீனுக்கு இஸ்திரி போடாம விட்டீய."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பியிருப்பேன். ஆனால் மீன் வாய் பிளந்துகொண்டிருந்தது. "கிண்டல் அப்புறம் பண்ணும்மா. இப்ப என்ன பண்றது?" என்றேன்.

"மணலுக்குள்ளதான் அண்ணாச்சி அம்புட்டு உசுரும் கெடக்கு. கண்ணுக்குத் தெரிஞ்சதும் உண்டு, தெரியாததும் உண்டு. மீன் கழியுறத அதுதான் தின்னு தீர்க்கும். துப்புரவு பண்ணுற ஆளையெல்லாம் வேக வச்சிட்டு, தண்ணி நாறுதுன்னு நிக்கீய. பழைய மணல் கொஞ்சமாச்சும் கெடக்கா?"

எல்லாவற்றையும்தான் கொதிக்கவைத்துவிட்டேனே என்று சொல்ல வாயெடுத்தவன், அப்படியே நின்றேன்.

என் தொழிலில் ஒரு பழக்கம். எந்த லாட்டு பட்டறைக்குப் போனாலும் முதலில் ஒரு துண்டு வெட்டி எடுத்து வைத்துக்கொள்வேன். வெளுத்து வந்ததை அதோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பாஸ் போட மாட்டேன். மணலிலும் ஒரு டப்பா எடுத்து வைத்திருந்தேன். ஈரத்தை ஈரத்தோடுதான் ஷேடு பார்க்க வேண்டும், காய்ந்தால் நிறம் பொய் சொல்லும். அதனால் அந்த டப்பாவைத் தொட்டிக்கு அடியில் இருக்கும் ஃபில்டர் பெட்டியில், தண்ணீர் ஓடுகிற இடத்தில் வைத்துவிட்டு மறந்துபோயிருந்தேன்.

எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா ஒரு விரலால் கிளறினார். நூல் பிசிறு மாதிரி ஒரு புழு நெளிந்து மணலுக்குள் ஓடியது.

"உசுரு இருக்கு அண்ணாச்சி" என்றார்.

படித்தவனாக இருந்திருந்தால் அந்த டப்பாவை வைத்திருப்பானா? சொல்லுங்கள்.

மீதியை நான் பார்த்துக்கொண்டேன். வெள்ளை மணலில் ஒரு விரல் கனத்துக்கு மட்டும் விட்டுவிட்டு மற்றதை அள்ளினேன். கையிருப்பில் இருந்த கடல் தண்ணீர் டிரம்களைத் திறந்து பாதித் தண்ணீர் மாற்றினேன். டப்பா மணலை, பாலுக்கு உறை குத்துகிற மாதிரி, மேலாகத் தூவிவிட்டேன். டப்பாவில் ஒரு பிடியை மட்டும் அடியிலேயே விட்டுவைத்தேன், சாம்பிள் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. அள்ளின மணலை என்ன செய்வது? அதற்கும் ஒரு யோசனை. மெல்லிசு பனியன் துணியில் நானே மெஷினில் உட்கார்ந்து சின்னச் சின்னப் பை தைத்தேன். அதில் வெள்ளை மணலைப் போட்டுக் கட்டி ஃபில்டர் பெட்டியில் பழைய மணலோடு ஊறப்போட்டேன். ஊறின பையாக, வாரத்துக்கு ஒன்றாகத் தொட்டியில் கொட்டுவது. இப்படிச் செய்யச் சொல்லி எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

தினம் காலையில் ஒரு பக்கெட் தண்ணீர் எடுத்து ஒரு பக்கெட் புதுசு ஊற்றினேன். நாலு மாடிக் கம்பெனி முதலாளி, ஆள் யாரையும் தொடவிடாமல், லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு. தீனியை நிறுத்தினோம். மீன் இரண்டும் மூச்சுத் திணறலிலிருந்து மீண்டு கீழே இறங்கின. சாமந்தி மட்டும் சுருண்டே கிடந்தது. செத்துப்போனால் அதுவே தண்ணீரைக் கெடுக்கும், எடுத்து வெளியே போட்டுவிடலாம் என்று ஒரு காலை கையை உள்ளே விட்டேன்.

"இருங்க, இருங்க" என்று என் சம்சாரம் என் முழங்கையைப் பிடித்தாள். "மீனு ரெண்டும் அதை உட்டு நகரவே இல்லீங்க. செத்ததுகிட்ட நிக்குமுங்களா?"

கையை எடுத்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் சாமந்தி காலை ஊன்றி, ஒவ்வொரு விரலாக நீட்டியது. பெண்மீன் உடம்பை அதில் தேய்த்தது. செக்கிங் அம்மா மேஜையிலிருந்து எழுந்து வந்து பார்த்து, "பாஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என் சம்சாரம் கேரியரைத் திறந்தாள். நான் சாப்பிட உட்காரவில்லை. கண்ணாடியில் கை வைத்தபடியே நின்றிருந்தேன். ஒரு வெளிநாட்டு ஆர்டர் கைக்கு வந்த நாளில்கூட அப்படி நின்றதில்லை.

மணல் மறுபடி பழுப்பானது. நான் தொடவில்லை. என் கம்பெனியில் வெளுக்காமல் நிற்கிற ஒரே சரக்கு அதுதான்.

அடுத்த வருசம் மச்சான் வந்தார். வந்தவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு டீ குடித்தார். பஞ்சு விலை பேசினார், நூல் விலை பேசினார். கடைசியில் மெதுவாக, "மாப்ள, நானும் கடல் தண்ணித் தொட்டி ஒண்ணு வெச்சிருக்கறனுங்க. தண்ணி கலங்கிட்டே இருக்குது. உங்க மணல்ல ஒரு டப்பா கிடைக்குங்களா?" என்றார்.

நான் அவசரப்படவில்லை. செக்கிங் அம்மாவைக் கூப்பிட்டு அள்ளச் சொன்னேன். ஈரத்தோடு, தொட்டித் தண்ணீர் ஊற்றி, என் சாப்பாட்டுக் கேரியரின் மேல் அடுக்கில் போட்டு மூடி, என் கையாலேயே கொடுத்தேன்.

"கருவாட்டுப் பொட்டலம் கேட்டிருந்தீங்களே மச்சா. அதுக்குப் பதிலா இதை வெச்சுக்குங்க. வெளுத்துப் போடாதீங்க."